வணிக மென்பொருளில் திறந்த மூல நிரல்: உரிமங்களைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கணக்கு மென்பொருளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க 3 வாரமே இருந்த நிலையில், அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. மென்பொருளுக்குள் இருக்கும் பிறருடைய நிரல்கள் எவை, ஒவ்வொன்றும் எந்த உரிமத்தின்கீழ் வந்தது, அந்த உரிமத்தின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியிருக்கிறீர்கள் என்ற 3 கேள்விகள்தான் அதில் இருந்தன. நாங்கள் தெரிந்தே சேர்த்த லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) 40-க்குள் அடங்கும் என்பதால், ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். அந்த 40-ம் தம் பங்குக்கு இழுத்துக்கொண்டு வந்தவற்றை லாக் கோப்பிலிருந்து (உள்ளே வந்த எல்லாப் பொதிகளையும் பதிப்போடு பதிந்து வைக்கும் கோப்பு) எடுத்து எண்ணியபோது பட்டியல் 1,000-ஐத் தாண்டியது. பெரும்பாலானவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் இன்வாய்ஸைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றித் தரும் ஒரு லைப்ரரி ஏஜிபிஎல் உரிமத்தில் (மாற்றிய மூலநிரலை நெட்வொர்க் வழியே பயன்படுத்துவோருக்கும் தரக் கேட்கும் உரிமம்) இருந்தது; போதாக்குறைக்கு எங்கள் குழுவினர் அதில் சில வரிகளை மாற்றியும் இருந்தார்கள். அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தி, மறுபடி சோதித்து முடிக்க 6 வாரம் ஆனது.

அந்த 6 வாரத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். உரிமத்தின் பெயரைத் தெரிந்துகொள்வது பாதி வேலை மட்டுமே. அந்த நிரல் எந்த வடிவில், யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் நம் கடமை என்னவென்று தெரியும். பின்வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கான வழிகளே.

தொடங்கும் முன் சொற்களைப் பற்றி ஒரு தெளிவு தேவை. தமிழில் 'காப்புரிமை' என்ற சொல்லைப் படைப்பின் மீதான உரிமைக்கும் கண்டுபிடிப்பின் மீதான உரிமைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறோம். உரிம வாசகங்களில் இரண்டும் தனித்தனியாகப் பேசப்படுவதால், இங்கே முதலாவதைப் பதிப்புரிமை என்றும் இரண்டாவதைப் பேட்டன்ட் என்றும் எழுதுகிறேன்.

அடிப்படை: பொதுவில் கிடப்பது பொதுச் சொத்து அன்று

ஒருவர் நிரலை எழுதிய கணத்திலேயே, எங்கும் பதிவு செய்யாமலேயே, அதன் பதிப்புரிமை அவருக்கு உரியதாகிவிடுகிறது. அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார் என்பதற்காக அந்த உரிமை கரைந்துவிடாது. ஆகவே உரிமக் கோப்பு எதுவும் இல்லாத ஒரு களஞ்சியத்தில் (நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கும் நிரலை, அது நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பல்லாயிரம் பேர் பார்க்கும் இடத்தில் இருந்தாலும், வணிக மென்பொருளில் சேர்க்க நமக்கு அனுமதி இல்லை. அனுமதியைத் தருவது உரிமம். நிபந்தனையை மீறினால் அந்த அனுமதியும் நம்மிடம் இல்லை. 2008-இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு மென்பொருளை முன்வைத்து, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது: திறந்த மூல (மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும்) உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியே நிலைநாட்டலாம், இலவசமாகக் கொடுத்தார் என்பதால் உரிமையாளரின் பிடி தளர்ந்துவிடாது. 2024-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜிபிஎல் 2 உரிமத்தில் (அதைக் கொண்டு உருவாக்கியதையும் அதே உரிமத்தில் திறந்து தரக் கேட்பது) இருந்த ஒரு லைப்ரரியின் நிபந்தனைகளை மீறியதற்காக ஆரஞ்சு என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு லட்சக்கணக்கான யூரோ இழப்பீடு விதித்தது. வெறும் நல்லெண்ண வேண்டுகோளாக உரிமங்களைப் படிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

படி 1: உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியலிடுங்கள்

நாம் கையால் எழுதிச் சேர்த்த சார்பு லைப்ரரிகளின் பட்டியலை நம்பக் கூடாது. லாக் கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கும் அப்பால், எந்தப் பட்டியலிலும் வராமல் உள்ளே வந்தவையே பெரும்பாலும் பின்னர் தலைவலியாகின்றன. யாரோ ஒருவர் முழுதாக நகலெடுத்துத் தனிக் கோப்புறையில் போட்டு வைத்த லைப்ரரி, இணையப் பக்கத்தில் நேரடியாக இணைக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, எழுத்துருக்கள், ஐகான் தொகுப்புகள், கன்டெய்னரின் (நிரலை அது ஓடத் தேவையான அனைத்தோடும் சேர்த்துக் கட்டும் பொதி) அடிப்படை இமேஜ் ஆகிய அனைத்தும் பட்டியலுக்குள் வர வேண்டும்.

பிற இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டு நிரல்களும் இதில் அடங்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் உள்ள பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல் என்ற இரு நிபந்தனைகள் கொண்ட உரிமத்தில் வருகின்றன. எழுதப்பட்ட காலத்தைப் பொறுத்து அதன் பதிப்பு 2.5, 3.0, 4.0 என மாறும். மூன்று வரித் துண்டுக்குப் பதிப்புரிமை உண்டா என்பது வாதத்துக்குரியது. ஆனால் 60 வரியில் முழுமையாக எழுதப்பட்ட ஒரு தேதிக் கணக்கீட்டை அப்படியே எடுத்து, மூலத்தையும் குறிப்பிடாமல், நம் நிறுவனத்தின் பதிப்புரிமை வரியை அதன் தலையில் போட்டு வைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. அத்தகைய இடங்களில் கருத்தை மட்டும் புரிந்துகொண்டு நிரலை நாமே எழுதிக்கொள்வதுதான் முறை.

பட்டியலைக் கையால் தயாரிப்பது இயலாத காரியம். ஸ்கேன்கோட், ஃபாஸ்ஸாலஜி, சிஃப்ட் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலிரண்டும் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் படித்து உரிமத்தை ஊகிப்பவை. சிஃப்ட் கன்டெய்னருக்குள் இருக்கும் பொதிகளை எடுத்துச் சொல்வது. பெறப்படும் பட்டியலை எஸ்பிடிஎக்ஸ் வடிவில் சேமியுங்கள். 2021-இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவே ஏற்கப்பட்ட வடிவம் அது; ஒவ்வொரு உரிமத்துக்கும் அதில் குழப்பமற்ற ஒரு குறியீடு உண்டு. 'ஜிபிஎல்' என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைப்பதற்கும், 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றோ 'ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது' என்றோ எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு 5-ஆம் படியில் தெரியவரும்.

படி 2: உரிமத்தை வகைப்படுத்துங்கள்

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவை தளர்வான உரிமங்கள். நம் மூலநிரலைத் திறந்து காட்டும்படி இவை கேட்பதில்லை. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் கொண்டுசெல்லும்படி மட்டும் கேட்கின்றன. அப்பாச்சி 2.0 இதற்கு மேலும் சில கேட்கிறது: நாம் மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும், 'நோட்டீஸ்' என்ற கோப்பு இருந்தால் அதில் உள்ள பெயர்க்குறிப்புகளையும் கொண்டுசெல்ல வேண்டும். பதிலுக்கு, பங்களித்தவர்களின் பேட்டன்ட்டுகளைப் பயன்படுத்தும் அனுமதியை அது வெளிப்படையாகத் தருகிறது. அதே நிரல் நம் பேட்டன்ட்டை மீறுகிறது என்று நாம் வழக்குத் தொடுத்தால் அந்த அனுமதி அன்றே முடிந்துவிடும். பேட்டன்ட்டுகள் வைத்திருக்கும் நிறுவனம் இந்த ஒரு பத்தியையாவது தன் வழக்கறிஞரிடம் காட்டி வைக்க வேண்டும்.

எம்பிஎல் 2.0, எல்ஜிபிஎல் ஆகியவை நடுவில் நிற்பவை. எம்பிஎல் கோப்பு அளவில் செயல்படும்: அந்த உரிமத்தில் உள்ள கோப்பை மாற்றி வெளியே கொடுத்தால் அந்தக் கோப்பின் மூலநிரலைத் தர வேண்டும், பக்கத்துக் கோப்பு நம்முடையதாகவே இருக்கலாம். எல்ஜிபிஎல் லைப்ரரி அளவில் செயல்படும். அடுத்து ஜிபிஎல்: 1991-இல் வந்த பதிப்பு 2, 2007-இல் வந்த பதிப்பு 3 இரண்டுமே, அந்த நிரலைக் கொண்டு உருவாக்கிய வழிப்படைப்பை விநியோகித்தால் முழுப் படைப்பின் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரும்படி கேட்கின்றன. அதே 2007-இல் வந்த ஏஜிபிஎல் 3, மாற்றியமைத்த நிரலை நெட்வொர்க் வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது.

இவற்றுக்கு வெளியே, திறந்த மூலம் போலவே தோற்றமளித்து அதுவாக இல்லாத ஒரு கூட்டம் உண்டு. மூலநிரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் போட்டிச் சேவை நடத்தக் கூடாது, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பன போன்ற தடைகள் உள்ளே இருக்கும். எஸ்எஸ்பிஎல், பிஸினஸ் சோர்ஸ் உரிமம், 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் வகைகள் எல்லாம் இதில் சேரும். 'இம்மென்பொருள் நன்மைக்கே பயன்பட வேண்டும், தீமைக்கு ஆகாது' என்று கூறும் ஜேசன் உரிமமும் இப்படிப்பட்டதுதான். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட வரி என்றாலும், நன்மை எது தீமை எது என்பதை ஒப்பந்தத்தில் யாராலும் வரையறுக்க முடியாது என்பதால், அப்பாச்சி அறக்கட்டளை 2016-இல் தன் திட்டங்களில் அதைப் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது.

படி 3: நிரல் எப்படி வெளியே போகிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அது யாரிடம் எந்த வடிவில் சேர்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ இதுவே முழு வேலையின் மையமாகத் தெரிகிறது.

நிறுவனத்துக்குள் நம் ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் கருவியாக இருந்தால், ஜிபிஎல் நிரலை எவ்வளவு மாற்றினாலும் மூலநிரலைத் தர வேண்டிய கடமை எழுவதில்லை. நம் சர்வரிலேயே ஓடி, வாடிக்கையாளருக்கு இணையப் பக்கமாக மட்டும் தெரியும் சேவையிலும், சர்வர் பக்கத்து ஜிபிஎல் நிரல் விநியோகிக்கப்படவில்லை என்றே கொள்ளப்படுகிறது. ஏஜிபிஎல் பிறந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

ஆனால் இணையச் சேவை நடத்துவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நம் சர்வரில் இருந்து கிளம்பி வாடிக்கையாளரின் கணினிக்கே போய்விடுகிறது; அது விநியோகம். எனவே சர்வரில் சிக்கலின்றி இருந்த அதே ஜிபிஎல் லைப்ரரி, முகப்புப் பக்கத் தொகுப்புக்குள் நுழைந்தால் கடமையோடுதான் நுழைகிறது. கைபேசிச் செயலி, நிறுவிக்கொள்ளும் டெஸ்க்டாப் மென்பொருள், வாடிக்கையாளரின் சர்வரில் நிறுவித் தரும் பதிப்பு எல்லாமே விநியோகங்கள்தாம். இன்று சேவையாக மட்டும் விற்கும் நிறுவனம், நாளை பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 'எங்கள் சர்வரிலேயே நிறுவித் தாருங்கள்' என்று கேட்டதும் ஒப்புக்கொள்கிறது. அந்த ஒரு கையெழுத்தில் மொத்தப் பட்டியலையும் மீண்டும் பார்க்க வேண்டிய நிலை வருகிறது. விற்பனைப் பிரிவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கன்டெய்னரை எடுத்துக்கொள்வோம். நம் நிரல் முழுவதும் நாமே எழுதியது, லைப்ரரிகள் எல்லாம் எம்ஐடி என்றே வைத்துக்கொண்டாலும், ஆல்பைன் என்ற லினக்ஸ் இமேஜின் மேல் அதைக் கட்டி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது ஜிபிஎல் 2 உரிமத்தில் உள்ள பிஸிபாக்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பையும் சேர்த்தே கொடுக்கிறோம். டெபியன் என்ற லினக்ஸ் என்றால், ஜிபிஎல் 3-இல் உள்ள பாஷ் என்ற கட்டளை ஷெல்லும் எல்ஜிபிஎல்லில் உள்ள ஜிலிப்சி என்ற சி மொழி லைப்ரரியும் உடன் போகின்றன. அவை நம் நிரலைத் தொற்றிக்கொள்வதில்லை, தனித்தனி நிரல்களாகவே இருக்கின்றன. ஆயினும் அவற்றுக்கான மூலநிரலைத் தரும் கடமை, கொடுக்கும் நம்முடையது. சாதனங்களை விற்பவர்களுக்கு இது புதிதன்று: 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பது கண்டறியப்பட்டு, கேள்விகள் எழுந்த பிறகே அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது அந்த மூலநிரலிலிருந்துதான்.

படி 4: இணைப்பின் தன்மையை ஆராயுங்கள்

நம் நிரலும் ஜிபிஎல் நிரலும் ஒரே இயங்கு கோப்பாகவோ ஒரே நினைவகத்திலோ கலந்து, ஒன்றின் உள்கட்டமைப்பை மற்றொன்று பகிர்ந்துகொண்டால், இரண்டும் சேர்ந்து ஒரே படைப்பு என்பதே ஜிபிஎல்லை எழுதியவர்களின் நிலைப்பாடு. தனி நிரலாக இயக்கி, கட்டளை வரி வழியாகவோ பைப் வழியாகவோ தகவல் மட்டும் பரிமாறிக்கொண்டால் பொதுவாக அவை தனித்தனிப் படைப்புகள். எல்லைக்கோட்டில் நிற்பவற்றை மட்டும் வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். அப்போதும் வெறும் உரிமத்தின் பெயரோடு போகாமல், இணைப்பு எப்படி நடக்கிறது என்ற படத்தோடு போங்கள்.

எல்ஜிபிஎல் லைப்ரரியை டைனமிக் முறையில் (தனிக் கோப்பாக வைத்து, ஓடும்போது சேரும்படி) இணைத்தால், பயனர் அந்த லைப்ரரியின் மாற்றுப் பதிப்பைத் தாமே பொருத்திக்கொள்ள வழி கிடைக்கிறது. உரிமம் கேட்பதும் அதைத்தான். ஸ்டாட்டிக் முறையில் (நம் இயங்கு கோப்புக்குள்ளேயே கலந்து) இணைத்தால், மறுபடி இணைத்துக்கொள்ளத் தேவையான ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது (தொகுத்து, இன்னும் இணைக்காத துண்டுகள்) தர வேண்டியிருக்கும். இதோடு நம் பயனர் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். 'இம்மென்பொருளை எவ்வகையிலும் பிரித்து ஆராயக் கூடாது' என்ற வரி ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். தாம் மாற்றிய லைப்ரரியில் பிழை நீக்குவதற்காகப் பயனர் பிரித்து ஆராய்வதை எல்ஜிபிஎல் அனுமதிக்கச் சொல்கிறது. அந்த வரிக்கு ஒரு விலக்கு எழுதாவிட்டால், நிரலில் தவறே இல்லாமல் ஒப்பந்தத்தால் மட்டுமே மீறல் ஏற்பட்டுவிடும்.

மூலநிரலை இயங்கு கோப்பாகத் தொகுக்கும்போது கொடுக்கும் விருப்பங்களும் உரிமத்தை மாற்றும். ஒலி, வீடியோ கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல்லில் வருகிறது. எக்ஸ்264 என்ற வீடியோ குறியாக்கி வேண்டும் என்று ஜிபிஎல் பகுதிகளை இயக்கித் தொகுத்தால் முழுவதும் ஜிபிஎல் ஆகிவிடுகிறது. 'நான்ஃப்ரீ' விருப்பத்தையும் சேர்த்தால் விளைவதை யாருக்கும் விநியோகிக்கவே முடியாது. பட்டியலில் 'எஃப்எஃப்எம்பெக், எல்ஜிபிஎல்' என்று எழுதியிருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ளாமல், நம்மிடம் உள்ள கோப்பு எந்த விருப்பங்களோடு தொகுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

படி 5: உரிமங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா?

இரண்டு உரிமங்களும் தனித்தனியே நல்லவையாக இருந்தும், ஒரே படைப்பில் சேர முடியாமல் போகலாம். ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்துப்படி அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3 படைப்பில் சேர்க்கலாம், ஜிபிஎல் 2 மட்டும் உள்ள படைப்பில் சேர்க்க முடியாது. 'அல்லது அதற்குப் பிந்தையது' என்ற சொற்கள் இருந்தால் பதிப்பு 3-ஐத் தேர்ந்துகொண்டு தப்பலாம். முதற்படியில் குறியீட்டைச் சரியாக எழுதச் சொன்னது இதற்காகவே.

படி 6: அறிவிப்புகளும் மூலநிரலும் உண்மையில் போய்ச் சேர்கின்றனவா?

எம்ஐடி உரிமம் கேட்பது ஒரே ஒரு காரியம்: பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் எல்லா நகல்களிலும் இருக்க வேண்டும். மிக எளிய இந்த நிபந்தனையைத்தான் நாம் அறியாமலேயே அதிகம் மீறுகிறோம். எங்கள் பட்டியல் சரியாக இருந்தது, களஞ்சியத்தில் உரிமக் கோப்புகளும் இருந்தன. வாடிக்கையாளருக்குப் போகும் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து 'காப்பிரைட்' என்ற சொல்லைத் தேடியபோது ஓரிடத்தில்கூட இல்லை. கோப்பின் அளவைக் குறைக்கும் கருவி, கருத்துரைகளை எல்லாம் நீக்கும்போது, ஒவ்வொரு லைப்ரரியின் தலையிலும் இருந்த அறிவிப்புகளையும் சேர்த்தே துடைத்திருந்தது. உரிமக் கருத்துரைகளைத் தனிக் கோப்பாகப் பிரித்தெடுக்கும் வசதி அந்தக் கருவியிலேயே இருந்தது. ஒரு வரி அமைப்பை மாற்றியதும் சரியாயிற்று. களஞ்சியத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வாடிக்கையாளர் பெறும் கோப்பைத் திறந்து பாருங்கள். கைபேசிச் செயலி என்றால், அமைப்புகள் பக்கத்தில் உரிமங்களுக்கென ஒரு திரை வைத்து, அது ஒவ்வொரு வெளியீட்டிலும் தானாகப் புதுப்பிக்கப்படும்படி செய்யுங்கள்.

ஜிபிஎல் நிரலைக் கொடுக்கும் இடங்களில் மூலநிரலை உடன் கொடுத்துவிடுவதே சுலபம். பின்னர் தருவதாக எழுத்துமூலம் உறுதி கூறினால், ஜிபிஎல் 2-இன்படி அந்த உறுதி குறைந்தது 3 ஆண்டு செல்லுபடியாக வேண்டும். மூலநிரல் என்பதற்குள் தொகுப்பதற்கும் நிறுவுவதற்கும் தேவையான ஸ்கிரிப்ட்டுகளும் அடங்கும். அதிலும் அந்த வெளியீட்டுக்கு உரிய அதே பதிப்பாக இருக்க வேண்டும். மூலத் திட்டத்தின் முகவரியைக் காட்டிவிட்டு ஒதுங்க முடியாது. ஆகவே வெளியீட்டு நாளிலேயே ஒரு மூலநிரல் பொதியையும் கட்டி வைத்துவிடுங்கள். 2 ஆண்டு கழித்து யாரோ கேட்கும்போது அதை மீட்டெடுப்பது பெரும்பாடு.

படி 7: சிக்கலானவற்றுக்கு முடிவெடுங்கள்

மாற்று லைப்ரரி ஒன்றைத் தேடலாம். தனி நிரலாகப் பிரித்து இயக்கலாம். உரிமையாளரிடமே வணிக உரிமம் வாங்கலாம். அந்தப் பகுதியின் மூலநிரலை நாமே திறந்துவிடலாம். வணிக உரிமம் வாங்குவதைப் பலர் தோல்வியாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. க்யூடி, ஐடெக்ஸ்ட் போன்றவை திறந்த மூல உரிமத்திலும் வணிக உரிமத்திலும் ஒருசேரக் கிடைப்பவை. எழுதியவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியது சேர்கிறது, நமக்கும் கடமை எளிதாகிறது. கடைசி வழியையும் ஒதுக்கிவிடத் தேவையில்லை: நம் வணிகத்தின் உயிர்நாடி அல்லாத ஓர் இணைப்புப் பகுதியைத் திறந்து கொடுப்பதால் இழப்பது மிகக் குறைவு.

படி 8: வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு

அனுமதித்தவை, கேட்டுச் சேர்க்க வேண்டியவை, சேர்க்கவே கூடாதவை என்ற பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதி, நிரலைக் களஞ்சியத்தில் இணைக்கும் ஒவ்வொரு முறையும் கருவி தானாகச் சரிபார்க்கும்படி அமையுங்கள். பதிப்பு உயர்வையும் புதுச் சேர்க்கையாகவே நடத்துங்கள், ஏனெனில் உரிமம் பதிப்போடு மாறும். எலாஸ்டிக்சர்ச் 7.10 வரை அப்பாச்சி 2.0-இல் இருந்தது, 7.11 முதல் மாறியது. டெர்ராஃபார்ம் 1.5 வரை எம்பிஎல், 1.6 முதல் பிஸினஸ் சோர்ஸ் உரிமம். ரெடிஸ் 7.2 வரை பிஎஸ்டி, 2024-இல் வந்த 7.4-இல் வேறு உரிமம். பழைய பதிப்புகளுக்குக் கொடுத்த அனுமதி அப்படியே நிற்கிறது. ஆனால் தானியங்கிப் புதுப்பிப்பு ஒன்று நள்ளிரவில் நம்மை அடுத்த பதிப்புக்குக் கொண்டுபோய்விட்டால், யாரும் படிக்காத உரிமம் ஒன்று காலையில் உள்ளே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அத்தகைய கருவிகள் சில நேரம் பயிற்சியில் கண்ட நிரலை ஏறத்தாழ அப்படியே கக்கும், உரிமக் குறிப்பை விட்டுவிட்டு. பொதுவில் உள்ள நிரலோடு ஒத்துப்போகும் பரிந்துரைகளைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் இயக்கி வையுங்கள். நீண்ட பரிந்துரைகளைத் துண்டு நிரல் ஒப்பீட்டுக் கருவியில் ஓட்டிப் பாருங்கள்.

படி 9: மீறல் கடிதம் வந்தால்

உரிமையாளர்களில் மிகப் பலர் பணத்தை விடவும் நிபந்தனை நிறைவேறுவதையே விரும்புகிறார்கள். ஆகவே மௌனமாக இருப்பதுதான் மிகத் தவறான பதில். கடிதம் கிடைத்த அன்றே பெற்றுக்கொண்டதாக எழுதி, விசாரித்துக் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தருவதாகச் சொல்லுங்கள். அந்த இடைவேளையில் தொடர்புடைய வெளியீட்டை நிறுத்திவைக்க முடியுமா என்று பாருங்கள்.

காலக்கெடு உரிமத்துக்கு உரிமம் வேறுபடும். ஜிபிஎல் 2-இல் மீறினால் அனுமதி தானாகவே முடிந்துவிடும். திருத்திக்கொள்ள அவகாசம் என்று அதில் எதுவும் எழுதப்படவில்லை. ஜிபிஎல் 3-இல், அந்த உரிமையாளரிடமிருந்து வரும் முதல் அறிவிப்பாக இருந்து, கிடைத்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி நிரந்தரமாகத் திரும்பிவிடும். லினக்ஸ் கெர்னல் பங்களிப்பாளர்கள் பலர் 2017-இல் இதே அவகாசத்தைத் தங்கள் ஜிபிஎல் 2 நிரலுக்கும் தருவதாக அறிவித்தார்கள். எனவே கடிதத்தைக் கையில் எடுத்ததும் அது வந்து சேர்ந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முதற்படியின் பட்டியலில் அந்த நிரலின் வரியைத் திறந்து, எந்தப் பதிப்பு, எந்த வெளியீடுகளில், யார் யாருக்குப் போனது என்று பாருங்கள். அந்த வரி முழுமையாக எழுதப்பட்டிருந்தால் பதிலை எழுதி முடிக்க ஒரு நாள் போதும்.